கமூஸ் இறந்த தேதி

2010 ஜனவரி 12, செவ்வாய்

குடைமிளகாய்க் கூடாரத்தில் மூன்றாம் வரிசைச் சொட்டுக்குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. ஊசியை வைத்து ஒவ்வொரு கண்ணாகக் குத்திக்கொண்டிருந்தபோது வட்டார ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சுற்றுவட்டார ஊர்க் குடும்பங்களில் ஹிட்லர் போர்க்காலத்தில் செத்தவர்களின் பெயர்களைச் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறார்களாம். எங்கள் ஊருக்கு என்னைக் கை காட்டிவிட்டிருக்கிறார்கள்.

வருடா வருடம் நினைவு நாளில் எங்கள் ஜெபக்கூடத்தில் பதினோரு பெயர்களையும் வாசிப்பவன் நான்தான். நல்ல குரல் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன், சொல்லாமல் விடமாட்டேன். பக்கத்துத் தோட்டத்து பெகோர் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "பதினோரு பேர வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பன்னெண்டாவது ஆளு பெஞ்சுலயே போயிருவான்" என்பான். அவன் வான்கோழி வளர்க்கிறவன். போன வருடம் அவன் கோழிகள் என் கூடாரத்துக்குள் புகுந்து இரண்டு வரிசையைக் கொத்திப் போட்டன. அது வேறு கதை.

ஒவ்வொரு பெயருக்கும் அப்பா பெயர், செத்த இடம், தேதி, ஆதாரக் காகிதம் வேண்டும் என்றாள். ரோட்டோரத்தில் புதைத்தவனுக்கு யாரம்மா காகிதம் கொடுத்தது என்றேன். ஜெருசலேமில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கே நொகா என்று ஒருத்தியிடம் எழுதிக் கேளுங்கள் என்றாள்.

கேட்கத்தான் வேண்டும். முதலில் கமூஸ் பெயரைக் கேட்பேன். அம்மாவின் முதல் புருஷன்.

ஜனவரி 14, வியாழன்

விண்ணப்பம் எழுதிப் போட்டாயிற்று. கமூஸ் ஹல்ஃபோன். அப்பா நிஸ்ஸீம். மனைவி கஸாலா. ஊர் லிபியாவின் திரிப்போலி. 1942இல் ரோடு போடும் முகாமில் இறந்தார்.

என் மனைவி தீத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டே மாசந்தான் இருக்கு. மண்டபத்துக்காரன் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்கான். நீங்க செத்தவங்களுக்கு லெட்டர் போடுறீங்க" என்றாள். மண்டபத்துக்காரனும் செத்தவன் மாதிரிதான், பதிலே சொல்ல மாட்டான் என்றேன். சிரிக்கவில்லை.

ஜனவரி 20, புதன்

மழை. வேலையில்லை. கமூஸ் கதையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், புத்தகத்துக்கு உதவும்.

எங்கள் வழக்கப்படி ஒருவனுக்கு முதல் மகன் பிறந்தால் குழந்தைக்குத் தன் அப்பா பெயரை வைப்பான். அப்பா உயிரோடு இருக்கும்போதே வைப்பான், அதுதான் மரியாதை. போலந்து யூதர்கள் இதைக் கேட்டால் பதறுவார்கள். அவர்களிடத்தில் உயிரோடிருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் மரண தூதனைக் கூப்பிட்டுத் தின்னக் கொடுப்பது போல. எங்களுக்கு அப்படியில்லை. அதனால் திரிப்போலியில் பழைய கமூஸ் ஹல்ஃபோன் வீட்டில், அவருடைய மகன் ஹுவாட்டோவுக்கு ஒரு கமூஸ், இன்னொரு மகன் நிஸ்ஸீமுக்கு ஒரு கமூஸ். ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே பெயர். வயதிலும் ஒரு வருடம்தான் வித்தியாசம். வாசலில் நின்று யாராவது கமூஸ் என்று கூப்பிட்டால் தாத்தாவும் சேர்ந்து மூன்று பேர் வருவார்களாம்.

ஹுவாட்டோ மகன் கமூஸ் தையல்காரன், கல்யாணம் ஆகாதவன். அவன் அம்மா வழியில் அவனுக்கு இங்கிலீஷ் பாஸ்போர்ட் இருந்தது. நிஸ்ஸீம் மகன் கமூஸ் தகரக்காரர். அவர்தான் 1940இல் என் அம்மாவைக் கட்டினார்.

1942இல், அப்போது எங்களை ஆண்ட இத்தாலிக்காரர்கள் எங்கள் ஆட்களைப் பிரித்தார்கள். இங்கிலீஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களைக் கப்பலில் ஏற்றி இத்தாலிக்கு அனுப்பினார்கள். மற்ற ஆண்களில் பலம் உள்ளவர்களை எகிப்து எல்லைப் பக்கம் ரோடு போடக் கொண்டுபோனார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கமூஸும் காணாமல் போனார்கள், இரண்டு பேரையும் பிடித்தது வீட்டுக்கு வெளியே வைத்துத்தான். வீட்டில் இருந்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பாஸ்போர்ட்காரன் கப்பலில் போயிருப்பான், தகரக்காரர் ரோட்டுக்குப் போயிருப்பார். பிறகு அந்த வீட்டின் மேல் குண்டு விழுந்தது. அம்மா அப்போது அவள் அப்பா வீட்டில் இருந்தாள், அதனால் பிழைத்தாள்.

ரோட்டு முகாமிலிருந்து பின்ஹாஸ் என்று ஒருவர் திரும்பி வந்தார். பச்சை வெங்காயத்தை ஆப்பிள் போலக் கடித்துத் தின்பாராம், அந்த வாயோடு போய் மூன்று நீதிபதிகள் முன்னால் நின்று, கமூஸ் ஹல்ஃபோனை என் கையால் புதைத்தேன் என்று சத்தியம் செய்தார். மதக் கோர்ட் அம்மாவை விதவை என்று எழுதிக் கொடுத்தது. 1946 அக்டோபரில் கூடாரப் பண்டிகை முடிந்து அம்மா என் அப்பாவைக் கட்டினாள். டீக்கடை ஷுஷான். நாற்பத்தெட்டில் நான். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பத்துப் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நடுவே ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன்.

ஜனவரி 31, ஞாயிறு

காப்பகத்திலிருந்து உறை வந்தது.

ஜெர்மனியில் ஒரு முகாமின் பதிவு அட்டை, நகல். கமூஸ் ஹல்ஃபோன், இங்கிலீஷ் குடிமகன், அப்பா ஹுவாட்டோ. இத்தாலியிலிருந்து 1944இல் கொண்டுவரப்பட்டவர். சரி, இது தையல்கார கமூஸ், நம்முடைய ஆள் இல்லை என்று மடித்து வைக்கப் போனேன்.

கீழே இரண்டு வரி இருந்தது. இடது கட்டைவிரல் நுனி இல்லை. மனைவி: கஸாலா.

தகரம் வெட்டும் கத்தரியில் கட்டைவிரல் போனது என் அம்மாவின் புருஷனுக்கு. நான் குழந்தையாக இருந்தபோது அம்மா சொல்லியிருக்கிறாள்.

அட்டையின் பின்பக்கம்: 1945 ஜூன், உயிருடன், நுரையீரல் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்.

பிப்ரவரி 1, திங்கள்

இனி இந்த நோட்டில் எங்கள் திரிப்போலி அரபியில்தான் எழுதுவேன், எபிரேய எழுத்தில். மகள் லிராஸுக்கு அரபி தெரியாது. தீத்தாவுக்கு எழுத்து தெரியாது.

என்ன நடந்திருக்கும் என்று இன்று முழுக்க யோசித்தேன். போலீஸ் லிஸ்டோடு வந்து கடைத்தெருவில் கமூஸ் ஹல்ஃபோன் யார் என்று கேட்டிருப்பான். தகரக்கடையில் இருந்தவர் நான்தான் என்று எழுந்திருப்பார். வேறென்ன சொல்வார், அவர் பெயர் அதுதானே. பாஸ்போர்ட் அவனுடையது, ஆள் இவர். தையல்காரனை இன்னொரு நாள் ரோட்டுக்குப் பிடித்திருப்பார்கள். பின்ஹாஸ் புதைத்தது அவனை. பின்ஹாஸ் பொய் சொல்லவில்லை. கமூஸ் ஹல்ஃபோனைத்தான் புதைத்தார்.

இப்போது கேள்வி ஒன்றுதான். என் அம்மா இரண்டாவது முறை மணப்பந்தலில் நின்ற அன்று கமூஸ் உயிரோடு இருந்தாரா?

இருந்தார் என்றால் அம்மா விதவை இல்லை. புருஷன் இருக்க இன்னொருவனுக்குப் பெற்ற பிள்ளை நான். மம்ஸேர். அப்படிப்பட்டவன் எங்கள் சபைக்குள் பெண் கட்டக் கூடாது. அவன் பிள்ளையும் கூடாது. பத்துத் தலைமுறைக்கும் கூடாது. யார் தப்பு, யாருக்குத் தெரியும் தெரியாது என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. நான் தீத்தாவைக் கட்டி முப்பத்தைந்து வருடம். லிராஸ் கல்யாணம் மார்ச் 16. மாப்பிள்ளை எல்கனாவின் அப்பா மதக் கோர்ட்டில் கல்யாணப் பதிவு பார்க்கிறவர். அவர் கையால் எத்தனை கல்யாணம் நின்றிருக்கிறது என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

1945 ஜூன். 1946 அக்டோபர். நடுவில் பதினாறு மாதம்.

பிப்ரவரி 3, புதன்

நொகாவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரிக் கோப்பு ஜெர்மனியிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றாள். அவர் சொந்தக்காரரா என்று கேட்டாள். பார்க்கணும் என்றேன். நல்ல செய்தி வரட்டும் என்றாள் பாவம். எது நல்ல செய்தி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 7, ஞாயிறு

காலை ஜெபத்தில் நின்றுகொண்டு, அந்த மனிதர் அந்த ஆஸ்பத்திரியிலேயே செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 9, செவ்வாய்

அதை எழுதிய பிறகு இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை.

போர் முடிந்ததும் மற்றவர்கள் செத்தவர்கள் லிஸ்ட்களில் தங்கள் ஆள் பெயர் இருந்துவிடக் கூடாதே என்று விரலை வைத்துத் தேடினார்கள். நான் செத்தவர்கள் லிஸ்டில் அவர் பெயர் இருந்துவிட வேண்டுமே என்று காத்திருக்கிறேன். இந்த மனிதர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? கடையில் உட்கார்ந்து தகரம் வெட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து நின்றார்.

சாயங்காலம் லிராஸ் அழைப்பிதழ் கட்டோடு வந்தாள். தீத்தா மிளகுமீன் குழம்பு வைத்திருந்தாள். எல்கனா மூன்று முறை ரொட்டியால் தட்டைத் துடைத்தான். நல்ல பையன், டிராக்டர் பழுது பார்க்கிறவன், நகத்தில் எப்போதும் கிரீஸ். என் குடும்பப் பெயர் வரிசையைக் கேட்டான், அவன் அப்பா பதிவுக்குக் கேட்டாராம். அப்பா, தாத்தா, பாட்டி எங்கே கல்யாணம் ஆனது என்பதெல்லாம்.

லிராஸ் சொன்னாள், "அப்பாட்டயா கேக்குற? விடிஞ்சிரும். ஆபிரகாம்ல இருந்து ஆரம்பிப்பாரு."

நான் நான்கு வரியில் முடித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தீத்தா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லியே என்றாள்.

பிப்ரவரி 17, புதன்

வந்துவிட்டது.

ஒரு நுரையீரல் எடுத்திருக்கிறார்கள். நான்கு வருடம் படுக்கை. 1949 மார்ச், குணமாகி வெளியேறினார், இத்தாலிக்கு.

நாற்பத்தொன்பது. எனக்கு அப்போ ஒரு வயசு.

என்னத்த எழுதுறது?

பிப்ரவரி 18, வியாழன்

எங்கள் ஜெபக்கூடத்துக் குரு ரிபி ஹலிஃபாவிடம் போனேன். எண்பத்து நான்கு வயது, அவரும் திரிப்போலிதான். பதிமூன்று வயதில் ஜெபத்துக்கான தோல்வாரை முதல்முதலில் என் கையில் கட்டிவிட்டவர். வீட்டுப் பின்னால் எலுமிச்சை மரத்தில் ஏணி போட்டுக் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடிடா என்றார். பிடித்தேன்.

ரிபி, ஒரு கேள்வி என்றேன். எலுமிச்சைக்கு எந்த மாதத்தில் கிளை வெட்டணும் தெரியுமா என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம். பூச்சி மருந்து, உப்புத் தண்ணீர், அவர் மருமகன் தப்பாக வெட்டி ஒரு மரத்தையே கொன்றது. மறுபடி வாயைத் திறந்தேன். வெட்டிய கிளையை என் தலைமேல் போட்டார். மூன்றாம் முறை, "ரிபி, எங்கம்மாவோட மொத வீட்டுக்காரரு" என்றேன்.

ஏணியிலிருந்து இறங்கினார். முள் கீறி முன்கையில் ரத்தம். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரஹ்மீன். நீ கேட்டா நான் பதில் சொல்லணும். பதில் சொன்னா அத மறுபடி உள்ள எடுக்க முடியாது. இன்னும் நீ எதையும் கேக்கல. ஏணி பிடிச்ச, அவ்வளவுதான்."

"காயிதம் இருக்கு ரிபி."

"காயிதம் சாட்சி இல்ல. மூணு பேரு உக்காந்து, ஒருத்தன் சத்தியம் பண்ணி, ஒரு தீர்ப்பு எழுதினாங்க. அவங்கள எனக்குத் தெரியும். புருசன் செத்தவளெல்லாம் வந்து அழுவா, அவங்களும் அழுதுக்கிட்டேதான் எழுதுவாங்க. அந்தத் தீர்ப்ப எதுத்து யாராவது வந்தாங்களா?"

"இல்ல."

"நீ வர்றியா?"

கீழே கிடந்த கிளைகளை ஓரமாகக் குவித்தேன்.

"எலுமிச்ச எடுத்துட்டுப் போ. தீத்தாவுக்கு ஊறுகாய்க்கு ஆகும்" என்றார். ஒரு பையை நிரப்பிக் கொடுத்தார். கதவு வரை வந்து, "உங்கம்மாவக் கேட்டியா?" என்று கேட்டார். கேட்கவில்லை என்றேன். "அவகிட்ட நீ கேக்கலாம். அவ கோர்ட்டு இல்ல."

பிப்ரவரி 23, செவ்வாய்

அஸ்கலோனுக்கு பஸ்ஸில் போனேன். அம்மா அங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். எண்பத்தெட்டு. கண் மங்கல், மண்டை தெளிவு. பக்கத்துக் கட்டில்காரி ருமேனியாக்காரி, அவளோடு சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறாள் என்று நர்ஸ் புகார் சொன்னாள். கண் தெரியாதவ எப்படிம்மா ஏமாத்துற என்றேன். அதனாலதான் அவ சந்தேகப்படல என்றாள்.

வெளியே பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். கடைசியில், "அம்மா, கமூஸ் எப்ப செத்தாரு?" என்றேன்.

"நீ எந்தக் கமூஸக் கேக்குற?" என்றாள்.

அப்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"ஐம்பதுல. நாம இந்த நாட்டுக்கு வந்து கூடார முகாம்ல இருந்தோம். தண்ணிக் குழாய் வரிசையில நிக்கிறேன், நீ என் இடுப்புல. ஒருத்தர் வந்து எதுக்க நின்னாரு. காலருக்குள்ள ரெண்டு கழுத்து போகும், அவ்வளவு மெலிவு. கொரல வச்சுத்தான் தெரிஞ்சுது. ஒன்னப் பாத்தாரு. யாரு புள்ளன்னாரு. என் புள்ளன்னேன். இவன் அப்பா யாருன்னாரு. டீக்கட ஷுஷான்னேன். கெட்டியாச் சொல்லல, வாயில காத்துதான் வந்துச்சு. வாளி நெறஞ்சு வழியுது. பின்னாடி நிக்கிறவ வையிறா. அவரு வாளிய எடுத்து ஓரமா வச்சாரு. மூச்சு வாங்குச்சு அவருக்கு, ஒரு வாளிக்கே."

விரலால் தலைத்துணி ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் சொன்னாரு. நான் ஹுவாட்டோ மகன் கமூஸு. ஒங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். அவரு ரோட்டுலயே செத்துட்டாரு, பின்ஹாஸ் சொன்னது நெசம். அத உறுதியாச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்னாரு. கைய சட்டப்பைக்குள்ளயே வச்சிருந்தாரு. வெரல நான் பாத்துரக் கூடாதுன்னு."

"நீ என்னம்மா சொன்ன?"

"நல்லதுன்னேன். வந்து சொன்னதுக்கு நன்றின்னேன். வேறென்ன சொல்லுவேன்? ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா நீ என்ன ஆவ?"

பிறகு அவர் வரவே இல்லை. தெற்கே எங்கேயோ போனதாகக் கேள்வி, தேடவில்லை என்றாள். ரோட்டில் செத்த கமூஸுக்கென்று வருடா வருடம் எண்ணெய் விளக்கு ஏற்றுவாளே, அது எனக்குத் தெரியும், சின்ன வயதில் திரி திரித்துக் கொடுத்திருக்கிறேன். "உசுரோட இருக்கிற மனுசனுக்கு வெளக்கேத்தினேன். நிறுத்தினா ஒங்கப்பா ஏன்னு கேப்பாருல்ல?"

எழுந்து போகலாம் என்று கையைக் கொடுத்தேன். பிடிக்கவில்லை. இன்னொன்று இருக்கிறது என்றாள். அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

"அன்னையிலேர்ந்து நான் முழுக்குக்குப் போகல."

மாதவிலக்கு முடிந்து முழுக்குப் போடாத மனைவியைப் புருஷன் தொடக் கூடாது. அப்பா அப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்காரர். "ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். டாக்டர்னு சொன்னேன். அவரும் சாகுற வரைக்கும், கஸாலா நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டுக்கிட்டே போனாரு. ஒன்ன மாதிரி இன்னொரு புள்ளைய தெரிஞ்சே பெத்துப் போடச் சொல்றியா?"

நர்ஸ் வந்து மதியச் சாப்பாடு என்றாள்.

பிப்ரவரி 24, புதன்

அப்பா எனக்குத் தம்பி வேண்டும் என்று ஜெபித்தது ஞாபகம் இருக்கு. என்ன வச்சுக்கிட்டே ஜெபிப்பாரு. நானும் ஆமென் சொல்லியிருக்கேன்.

மார்ச் 4, வியாழன்

நொகா நேரில் வந்தாள். நான் பதில் போடாததால் வந்தாளாம், வட்டாரப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. முப்பது வயது இருக்கும், முதுகுப் பை, கண்ணாடி. தீத்தா உருளைக்கிழங்கைக் கீறி உள்ளே கறி வைத்துப் பொரித்ததைத் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள். ஒன்று போதும் என்றவள் நான்கு தின்றாள். தீத்தா கோழிகளைப் பார்க்க வெளியே போனாள்.

நொகா அட்டையை மேசைமேல் வைத்தாள். அப்பா பெயர் வேறு, ஆனால் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய மனைவி பெயரும் அட்டையில் இருக்கிற மனைவி பெயரும் ஒன்று. இவர் உங்கள் ஆளா, வேறு ஆளா? உங்கள் ஆள் என்றால் ரோட்டில் இறந்தார் என்பதை மாற்றிப் பதிய வேண்டும். கம்ப்யூட்டரில் எல்லோரும் பார்க்கும்படி வரும். அவர் கடந்து வந்ததெல்லாம் அவர் பெயரில் சேரும். இல்லையென்றால் குடும்பத்தில் ஒருவர் இங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

பேனா அவளுடையது, மூடியில் பல் பதிந்திருந்தது.

நான் யோசித்தேன். கையெழுத்துப் போட்டால் அந்த நான்கு வருடப் படுக்கையும், அந்த முகாமும், வெட்டி எடுத்த நுரையீரலும் அந்த மனிதருக்கு நடக்கவே நடக்காதவை ஆகிவிடும். ரோட்டில் செத்த தையல்காரனுக்கோ, அவன் சாவுகூட அவனுடையது ஆகாது. போடாவிட்டால் லிராஸ்.

"இவரு வேற" என்றேன். "ஹுவாட்டோ மகன். எங்கம்மாவோட வீட்டுக்காரருக்குப் பங்காளி."

"மனைவி கஸாலான்னு இருக்கே?"

"அவனுக்கும் பொண்ணு பேசி வச்சிருந்தாங்க. அவ பேரும் அதான். எங்க தெருவுல மூணுல ஒருத்தி கஸாலா."

என் வாயிலிருந்து இவ்வளவு சின்னக் கதை இதற்கு முன் வந்ததே இல்லை.

நொகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் லிராஸ் கல்யாணத்துக்குத் தைத்து மாட்டியிருந்த உடுப்பைப் பார்த்தாள். எப்போ என்றாள். பன்னிரண்டு நாளில் என்றேன்.

"எங்க தாத்தா வீட்ல நாப்பது பேரு. ஒரு அட்டைகூடக் கெடைக்கல. நானும் ஒம்பது வருஷமா அந்த ஆபீஸ்ல தேடுறேன்" என்றாள். பிறகு, "இங்க போடுங்க. தேதியும் போடுங்க" என்று விரலால் கோட்டைக் காட்டினாள்.

போட்டேன். இரண்டாவது தடவை அவள் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 16, செவ்வாய்

கல்யாணம் முடிந்தது. ரிபி ஹலிஃபா நடத்திவைத்தார். வழக்கப்படி கண்ணாடி டம்ளரை எல்கனா ஒரே மிதியில் உடைத்தான். அவன் அப்பா என்னைக் கட்டிப்பிடித்து, சுத்தமான குடும்பம் என்று காதில் சொன்னார். அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாயில் கை வைத்துக் குலவையிட்டாள்.

ஏப்ரல் 12, திங்கள்

நினைவு நாள். பதினோரு பெயரையும் வாசித்தேன். நிஸ்ஸீம் மகன் கமூஸ், ரோடு போடும் முகாம், 1942. கதை எதுவும் சொல்லவில்லை. ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பெகோர் வெளியே வந்து, உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டான். கேலி செய்யவில்லை அவன்.

ஜூன் 8, செவ்வாய்

பெயெர்செபாவுக்குப் போய்வந்தேன். வீட்டில் சொட்டுக்குழாய்க்குச் சாமான் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனேன். லிராஸுக்குக் காலையில் வாந்தி, மூன்றாம் மாதம், தீத்தா அவளைப் பார்க்கப் போயிருக்கிறாள், அதனால் யாரும் கிளறிக் கேட்கவில்லை.

தெற்கில் உள்ள அடக்கச் சங்கங்களுக்கெல்லாம் போன் செய்து கேட்டிருந்தேன், எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்று இப்போது தெரியும். நான்காவது இடத்தில் இருந்தது. 1983. பிள்ளைகள் இல்லை, மனைவி இல்லை. கல்லறையை நகராட்சி கட்டியிருக்கிறது, சிமெண்ட் பலகை, மேலே எழுத்து பாதி உதிர்ந்து மணல் ஏறிக் கிடந்தது. கையால் தட்டிவிட்டேன். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். பஸ் டெப்போவில் டிக்கெட் கிழிக்கிற வேலை என்று பழைய புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றார் சங்கத்து ஆள்.

செத்தவருக்கான கத்திஷ் ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும். பக்கத்து வரிசையில் ஒரு சாவு முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, போய்க் கேட்டேன். புகாராவிலிருந்து வந்த யூதர்கள், நல்லவர்கள், ஒன்பது பேர் வந்தார்கள், ஒருவன் சிகரெட்டைக் காலில் நசுக்கிவிட்டு வந்தான். என்னோடு பத்து.

சங்கத்து ஆள் என்னிடம், "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

"தூரத்துச் சொந்தம்."

"வேற யாரும் இதுவரைக்கும் வந்ததில்ல."

"தெரியும்."

ஆத்மாவுக்கான ஜெபத்தைத் தொடங்கினார். நடுவில் பெயர் சொல்லும் இடம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். பெயரை அப்பா பெயரோடு சொல்ல வேண்டும். கடவுள் முன்னால் மனிதனை அப்படித்தான் அடையாளம் சொல்வோம். இன்னார் மகன் இன்னார் என்று.

வெயில். நிஸ்ஸீம் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இந்தப் பத்துப் பேரில் யாருக்கு எங்களைத் தெரியும், சொன்னால்தான் என்ன, ஒரு தடவையாவது அவரை அவர் அப்பாவுக்கு மகனாகச் சொல்ல வேண்டாமா என்று இருந்தது. அவர் வாளியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு நின்றது நினைவுக்கு வந்தது, பார்க்காததுதான், ஆனாலும் வந்தது.

"பேரு?" என்றார் மறுபடி.

"ஹுவாட்டோ மகன் கமூஸ்" என்றேன்.

பத்துப் பேரும் ஆமென் சொன்னோம்.